லொறிக் கடையில் மாப்பிள்ளை பார்த்தது

அட்டன் பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் மேலே, ரோடு சரிந்து இறங்குகிற இடத்தில் ஒரு பழைய லொறி நிற்கும். ஒரு காலத்தில் தேயிலைப் பெட்டிகளை ரயிலுக்கு ஏற்றிப்போன லொறி அது. தோட்டத்துக்குப் புது லொறி வந்ததும் இதையும் இதை ஓட்டிய டிரைவரையும் சேர்த்தே கழித்துவிட்டார்கள். இரண்டு பேரும் சேர்ந்து சாப்பாட்டுக் கடை வைத்துவிட்டார்கள். பின்பலகையைச் சாய்த்துச் சங்கிலியில் தொங்கவிட்டால் மேசை தயார். உள்ளே டிரைவரின் சம்சாரம் அடுப்பு வைத்து ரொட்டி சுடுவார். தொட்டுக்கொள்ள, மிளகாய் இடித்த கட்டச் சம்பல். சனம் மலைக்கு யாத்திரை போகிற சீசனில் கடை மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போய்விடும், மற்ற மாதங்களில் அட்டன்.

நாற்காலி கிடையாது. அட்டனில் மழை இல்லாத நாளும் கிடையாது. ஒரு கையில் குடையும் மறு கையில் தட்டும் பிடித்த பிறகுதான், சாப்பிடக் கை இல்லை என்பது ஆளுக்குத் தெரியவரும். அதனால் முன்பின் தெரியாத ஒருவருக்கு நாம் குடை பிடிப்போம், அவர் சாப்பிட்டு முடித்து நமக்குப் பிடிப்பார். சில பேர் சாப்பிட்டதும் பஸ் வந்துவிட்டது என்று குடையோடு ஓடிவிடுவார்கள்.

எனக்கு இருந்த கவலை வேறு. லொறி நின்றது சரிவில். சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்தது ஒரு கல். நான் போனால் முதலில் குனிந்து அந்தக் கல்லைப் பார்ப்பேன், அதற்குப் பிறகுதான் ரொட்டி கேட்பேன். டிரைவர் ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னார்:

“தம்பி, இதக் கெளப்பவே நாலு பேரு தள்ளணும். தானா எங்க போகப்போகுது?”

“இல்லண்ணே, சும்மா பாத்தேன்.”

“பாத்துட்டீங்கல்ல? கல்லு நல்லா இருக்குதா? சாப்பிடுங்க.”

உலகத்துக்கே தேத்தண்ணி கொடுக்கிற ஊர் எங்கள் ஊர். நல்ல தூள் எல்லாம் பெட்டியில் ஏறிக் கப்பலுக்குப் போய்விடும். மிச்சமாகக் கூட்டி அள்ளுகிற தூள் லொறிக் கடைக்கு வந்துவிடும். “தொரைமாருங்க குடிக்கிறதுல இந்தச் சாயம் இருக்குமா?” என்று டிரைவர் பெருமையாகக் கேட்பார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலைக்குச் சேர்ந்தவன் நான். அந்தத் தூள் எந்தத் தரையிலிருந்து கூட்டியது என்று எனக்குத் தெரியும். குடிக்கும்போது அதை நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தேன்.

எல்லோரும் நின்று சாப்பிடுகிற இடத்தில் மேல் கீழ் இருக்காது என்று நினைப்பீர்கள். எங்கள் ஆட்களைக் குறைத்து எடைபோடக் கூடாது. பலகையின் வலது பக்கம் கிளாக்கர்மாரும் கணக்கப்பிள்ளைகளும் நிற்பார்கள், இடது பக்கம் நாங்கள். டிரைவர் உட்காருகிற முன் சீட்டு பெரிய ஆட்களுக்கு. அதில் ஸ்பிரிங் ஒன்று துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. இருந்தாலும் தோட்ட வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா ஒருவர் மாதம் தவறாமல் அதன்மேல் உட்கார்ந்து, முகத்தில் ஒன்றும் காட்டாமல் ரொட்டி தின்றுவிட்டுப் போவார். மரியாதைக்காக மனிதர் எவ்வளவு தாங்குவார் என்று அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். தொழிற்சங்கக்காரர் ஒருவர் வருவார். எல்லோரும் சமம் என்று சொல்லிக்கொண்டு பலகையின் நடுவில் நிற்பார். அவருக்கு மட்டும் முட்டை பொரித்துக் கொடுப்பார்கள். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். குடியுரிமைக்காக, தாத்தா எங்கே பிறந்தார், அதற்குப் பத்திரம் உண்டா என்று ஊரில் எல்லா ஆபீசிலும் எங்களைக் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், அதைக் கேட்காமல் எங்களுக்கு ஒரு பொருளைக் கையில் கொடுத்தது அந்த லொறிதான்.

இந்தக் கடையில்தான் எனக்கு மாப்பிள்ளைப் பார்வை நடந்தது.

பெண் டயகமப் பக்கம் ஒரு பெரிய கங்காணியின் மகள். அங்கே கோயில் திருவிழாவில் ஒரு தடவை பார்த்திருந்தேன். கீறல் விட்ட வளையலைத் தலையில் கட்டிய வளையல்காரனை, சுற்றிக் கூட்டம் நிற்கிறதே என்றுகூடப் பார்க்காமல் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது அந்தப் பெண். எதற்கும் பயப்படாத ஒரு ஆள் வீட்டில் இருந்தால் எப்படி இருக்கும் என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டே இருந்தேன். ஏற்கெனவே ஓரிடத்தில் என்னைப் பார்த்துவிட்டு, “பையன் எதுக்கெடுத்தாலும் யோசிக்கிறான்” என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இங்கேயும் தட்டிப்போனால் பெண்ணை உடப்புசல்லாவையில் ஒரு கணக்கப்பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று என் தாய்மாமன் விசாரித்துக்கொண்டு வந்தார். அவர் விசாரிக்காமலே இருந்திருக்கலாம்.

கங்காணி எங்கள் லயத்துக்கு, அந்த ஒற்றை அறை வரிசை வீட்டுக்கு, வரமாட்டேன் என்றுவிட்டார். லயத்தில் பார்த்தால் லயம்தான் தெரியும், பையன் தெரியமாட்டான் என்பது அவர் கட்சி. அட்டனுக்கு வரச் சொல்லுங்கள், லொறிக் கடையில் ரொட்டி தின்னுகிறபோது பார்த்துக்கொள்கிறேன், தின்னுகிற லட்சணத்தில் ஆளைச் சொல்லிவிடுவேன் என்றார்.

ஒரு வாரம் எனக்குத் தூக்கமில்லை. இரண்டு ரொட்டி தின்றால் பெருந்தீனிக்காரன் என்பார். ஒன்றோடு நிறுத்தினால் நெஞ்சு வியாதியா என்று கேட்பார். சம்பல் நிறையத் தொட்டால் கோபக்காரன், தொடாமல் விட்டால் ரத்தம் செத்தவன். பால் தேத்தண்ணி கேட்டால் ஊதாரி. பாலில்லாத பிளேன்டி கேட்டால் கஞ்சன். மாமாவிடம் கேட்டேன்.

“வாயத் தொறந்து தின்னுடா. அது போதும்” என்றார்.

வாயை எவ்வளவு திறப்பது என்று அவர் சொல்லவில்லை.

கங்காணி கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, காதில் கடுக்கன், காலில் புதுச் சப்பாத்து என்று வந்து சேர்ந்தார். முன் சீட்டைக் காட்டினார் டிரைவர். கங்காணி அதில் உட்கார்ந்தார், உடனே எழுந்தார். “நம்ம ஆளுங்களோட நின்னு திங்கிறதுதாங்க எனக்குப் புடிக்கும்” என்று சொல்லிப் பலகைக்கு வந்துவிட்டார். தட்டு வந்தது. அவர் என் வாயையே பார்த்தார். நான் கல்லைப் பார்த்தேன்.

“அங்க என்னாங்க தம்பி பாக்குறீங்க?”

“ஒண்ணுமில்லைங்க.”

“பயந்த சுபாவமோ?”

“சேச்சே” என்றார் மாமா. “ராத்திரியில தனியா ஸ்டோருக்குப் போறவங்க அவன்.” அது பொய். நான் பாட்டரி லைட்டு இல்லாமல் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைக்குக்கூடப் போகமாட்டேன்.

“ஆம்பளைக்குப் பயம் இருக்கக் கூடாதுங்க” என்று கங்காணி ஆரம்பித்தார். பலகையில் நின்ற எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் பேசினார். “எங்க தோட்டத்துல தொரை காரு வந்தா அத்தன சனமும் கான்ல குதிக்கும். நான் குதிக்கமாட்டேன். ரோட்டு நடுவுல அப்படியே நிப்பேன். காருதான் என்னச் சுத்திக்கிட்டுப் போகணும். தொரையே தொப்பியத் தொட்டுட்டுப் போவாரு.”

கான் என்றால் ரோட்டோரத்துத் தண்ணீர் வாய்க்கால். தோட்டத்தில் துரை வந்தால் நாங்கள் பாதையில் நிற்கக் கூடாது. தலைத்துண்டை அவிழ்த்து, குடையை மடக்கி, கானுக்குள் இறங்கிவிட வேண்டும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. நடக்கப் பழகுகிறபோதே கால் பழகிக்கொள்ளும். அட்டன் டவுனில் அப்படி ஒரு சட்டமும் இல்லை. ஆனால் டவுன் வேறு தோட்டம் வேறு என்பது புத்திக்குத்தான் தெரியும், காலுக்குத் தெரியாது.

அப்போது பனி மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு தொப்பி வந்தது. வெள்ளைத் தொப்பி, காக்கிக் கால்சட்டை, முழங்கால் வரைக்கும் மேசு என்கிற காலுறை, கையில் பிரம்பு. முகம் மாநிறம். வெள்ளைக்காரத் துரைகள் ஒவ்வொருவராகக் கப்பலேறி, நம் நிறத்துத் துரைகள் வரத் தொடங்கியிருந்த காலம் அது. முன்பெல்லாம் முகத்தைப் பார்த்தால் தெரியும். இப்போது தொப்பியைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

யார் முதலில் குதித்தது என்று தெரியாது. நான் கண்ணை இறுக மூடியிருந்தேன். திறந்தபோது கானுக்குள் முழங்கால் தண்ணீரில், ரொட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றிருந்தேன். ஒரு பக்கத்தில் மாமா. அவருக்கு அப்பால் தொழிற்சங்கக்காரர், கையில் முட்டையோடு. எனக்கு மறு பக்கத்தில் கறுப்புக் கோட்டு. தலைப்பாகை கக்கத்தில் இருந்தது. தட்டில் ரொட்டி சிந்தாமல் சிதறாமல் இருந்தது. அவ்வளவு நேர்த்தியாக இறங்க நாள்பட்ட பழக்கம் வேண்டும். லொறிக் கடையில் ஊற்றுகிற தேயிலைச் சக்கையெல்லாம் அந்தக் கானில்தான் போகும். அது அவர் வேட்டியிலும் கோட்டு நுனியிலும் ஒட்டிக்கொண்டிருந்தது.

தொப்பிக்காரர் நின்றார். எங்கள் வரிசையைப் பார்த்தார். மெதுவாகத் திரும்பித் தன் பின்னால் பார்த்தார். மூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை போலிருக்கிறது. சட்டென்று தொப்பியைக் கழற்றினார், பிரம்பை மறைத்தார், எங்களுக்குப் பக்கத்திலேயே கானுக்குள் இறங்கி நின்றுகொண்டார்.

“யாருங்க வர்றது? பெரிய தொரையா?” என்று மாமாவிடம் ரகசியமாகக் கேட்டார்.

மாமாவும் ரோட்டை எட்டிப் பார்த்தார்.

டிரைவர் லொறிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். ரோட்டில் ஒரு ஆள் இல்லை. கானில் ஒரு இடம் இல்லை.

“அட, அப்பு ஐயாவா? பங்களாவுல இன்னிக்கி லீவா? ஏன் அங்க நிக்கிறீங்க?”

அவர் ஒரு துரை பங்களாவின் சமையல்காரர். சீமைக்குப் போன பழைய துரை, போட்டுக் கழித்ததையெல்லாம் அவருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பங்களாவில் புட்டிங் செய்து செய்து அலுத்துப்போய், லீவு நாளில் கட்டச் சம்பல் தின்ன வருகிறவர்.

“ரொட்டி கருகுது. ஏறி வர்றவங்க ஏறி வாங்க” என்றார் டிரைவரின் சம்சாரம். அந்த அம்மா சிரிக்காமல் இருந்ததுதான் எல்லோருக்கும் அதிக வேதனை.

ஏறி வந்தோம். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. செருப்பு விழுந்துவிட்டது, அதை எடுக்கத்தான் இறங்கினேன் என்றார் ஒருவர். அவர் செருப்பே போட்டிருக்கவில்லை. நிலைமையை நேரில் ஆராய இறங்கியதாகச் சங்கக்காரர் சொன்னார். கங்காணி தலைப்பாகையை எடுத்துக் கட்டினார். சப்பாத்துக்குள் தண்ணீர் சளக் சளக் என்றது. என் கதை முடிந்தது என்று நினைத்தேன். நான் பயந்தாங்கொள்ளி என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை, அவரே பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். உடப்புசல்லாவைக் கணக்கப்பிள்ளை கண்ணுக்குள் வந்து நின்றார்.

கங்காணி என்னை லொறிக்கு முன்பக்கம் கூட்டிப்போனார்.

“தம்பி, கான்ல என்னத்தப் பாத்தீங்க?”

“ஒண்ணும் பாக்கலைங்க. கண்ண மூடிக்கிட்டேன்.”

“யாரு யாரு நின்னாங்கன்னு?”

“தெரியாதுங்க.”

“யாராச்சும் கேட்டா?”

“எனக்குப் பேச்சே வராதுங்க.”

அவர் என் தோளில் தட்டினார். பிறகு மாமாவிடம் போய் என்னவோ பேசினார். டயகம பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். நான் மாமாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து, கல்லையும் பார்க்கத் தோன்றாமல் நின்றேன்.

“தையில வச்சுக்கலாம்னாரு” என்றார் மாமா.

“என்னையவா?”

“ஒன்னையத்தான். வெளிய விட்டா எவனாச்சும் வாயக் கிளறுவான், மருமகனாக்கிட்டா மாமனாரப் பத்திப் பேசமாட்டான்னு கணக்குப் போட்டிருக்காரு. நீ எத்தன ரொட்டி தின்னேங்கிறதப் பத்திப் பேச்சே இல்ல, பாத்தியா?”

தையில் கல்யாணம் நடந்தது. பந்தியில் மாமனார் அந்தக் கதையைத் தானே எடுத்துச் சொன்னார். அவர் சொன்னபடி, துரை வந்தபோது அவர் ரோட்டு நடுவில் நின்றார். மாப்பிள்ளை கானில் விழுந்துவிட்டார். அவர்தான் கைகொடுத்துத் தூக்கினார். சனம் சிரித்தது. நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அதற்காகத்தானே பெண் கொடுத்தார்.

மறுநாள் என் மனைவி முதல் முதலாக என்னிடம் பேசியது இதைப் பற்றித்தான்.

“அப்பா சொன்னது நெசமா?”

“நெசந்தான்.”

“அந்தக் கோட்ட நாந்தாங்க தொவைச்சேன். தேயிலைச் சக்க நுனி பூரா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.”

நான் எழுந்துபோய் லயத்துக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தேன். சாத்தித்தான் இருந்தது. மறுபடியும் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

“கான்ல அவருக்கு எந்தப் பக்கம் நின்னீங்க?” என்று கேட்டாள்.