கடலில் மட்டும் இரைந்த வயர்லெஸ்

கடலூர் முதுநகரில் ஒரு வலைக்கொட்டகையில் படுத்துக்கொண்டிருந்த காலம் அது. 2011 என்று நினைக்கிறேன். சொந்த ஊர் புவனகிரிப் பக்கம். எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. பிறகு குறிஞ்சிப்பாடியில் தறி, சிதம்பரத்தில் ரேடியோ ரிப்பேர் கடை என்று எங்கேயும் சில மாதங்களுக்கு மேல் நிற்கவில்லை. அந்தக் கடையில் கற்ற அரைகுறை வேலையை நம்பி ஒரு பைபர் படகுக்காரர் என்னைச் சேர்த்துக்கொண்டார். அவரை மாமா என்று கூப்பிடுவேன். படகில் அவருடைய மச்சானும் உண்டு. போகும்போது எஞ்சின், காற்று தோதாக இருந்தால் டீசலை மிச்சம்பிடிக்கப் பாய் விரிப்போம்.

நான் செய்த முதல் வேலை, பழைய குண்டு பல்புகளைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. விளக்குகள் மாட்டியது. பேட்டரி சீக்கிரம் இறங்காது. மாமாவுக்குச் சந்தோஷம். ஆனால் கொஞ்ச நாளில் கைவயர்லெஸ் இரையத் தொடங்கியது. எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி ஒரே சத்தம். ஆள் குரல் அதில் அமுங்கிப்போகும். காற்று மாறுகிறது, திரும்பு என்று இன்னொரு படகிலிருந்து மாமாவின் அண்ணன் கூப்பிட்டது எங்களுக்குக் கேட்கவேயில்லை. அன்று கரை வந்து சேர்ந்ததே பெரிது.

"உன் லைட்டு வந்தப்புறம்தான்டா இது. அடுத்த தபா போயி வர்றதுக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா எறங்கிக்கோ" என்றார் மாமா.

இறங்கினால் கொட்டகையும் போய்விடும். வேறு இடம் எனக்கு இல்லை.

படகைக் கரையில் வைத்துக்கொண்டே எல்லா விளக்கையும் எரியவிட்டேன். வயர்லெஸ் சுத்தமாக இருந்தது. அப்படியானால் செட்டில் கோளாறு என்று சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். பழைய முதலாளி திறந்து பார்த்துவிட்டு, "செட்டு நல்லாத்தான்டா இருக்கு. எஞ்சின்தான் எதுனா பண்ணுதோ என்னமோ" என்று மூடிக் கொடுத்தார்.

விடிந்ததும் புறப்பட்டோம். அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், ஒரு பெட்டிக்குள் அம்மன் படம். வழக்கம்போல மாமா சூடம் காட்டி, ஒயரைப் பேட்டரியில் மாட்டிச் சாமி விளக்கை ஏற்றினார். திரும்பக் கரை தட்டும்வரை அதை அணைக்கக் கூடாது.

முகத்துவாரம் தாண்டியதும் இரைச்சல். எஞ்சினை நிறுத்திப் பாய் விரிக்கச் சொன்னேன். இரைச்சல் நிற்கவில்லை. பகல்தானே என்று என் விளக்குகளின் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். அப்போதும் இரைந்தது.

"இன்னா எஞ்சினீரு, பாயையும் கழட்டிப் பாக்கலாமா?" என்றார் மச்சான்.

கரையில் அத்தனை விளக்கும் எரிந்தபோது இல்லாத சத்தம், இங்கே ஒன்றும் எரியாதபோது எப்படி வருகிறது? உப்புக்காற்றா, தண்ணீரின் ஆழமா? யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் கூடியது.

பாயின் கயிறு முன்னால் எங்கோ சிக்கியது. வயர்லெஸை இடுக்கிக்கொண்டு போனேன். போகப் போகச் சத்தம் ஏறியது. பின்னால் வந்தேன், இறங்கியது. மறுபடி போனேன்.

"இன்னாடா, நடை பழகுறியா?" என்றார் மச்சான்.

முன்னால் அம்மனைத் தவிர வேறொன்றுமில்லை.

"மாமா, சத்தம் இங்கேருந்துதான் வருது."

மாமா வந்து செட்டை வாங்கி விளக்கருகே நீட்டினார். அலறியது.

"இது ஒங்கக்கா பரங்கிப்பேட்டையில வெளிநாட்டுச் சாமான் விக்கிறவங்ககிட்ட புதுசா வாங்கியாந்ததுடா" என்றார் மச்சானிடம்.

"இதுவும் எல்.இ.டி. லைட்டுதான் மாமா."

"லைட்டா? சாமி வெளக்குடா இது!"

உண்மைதான். விளக்குகளை எண்ணியபோது எனக்கும் அது கணக்கில் வரவில்லை.

"கொஞ்ச நேரம் கழட்டிப் பாப்போம்."

"நடுக்கடல்லயா?"

மச்சான் கடலைப் பார்த்தார். மாமா செட்டை என் கையில் திணித்தார். பிறகு டப்பாவிலிருந்து சூடம் எடுத்தார். காற்றில் இரண்டு மூன்று குச்சி வீணானது. மச்சான் லுங்கியை மறைப்பாகப் பிடிக்க, உள்ளங்கையில் சூடத்தை வைத்துப் பற்றவைத்து அம்மன் முன் நீட்டினார்.

"சீக்கிரம்டா, சுடுது."

ஒயரைப் பிடுங்கினேன். சட்டென்று இரைச்சல் நின்றது. அண்ணனின் குரல் பக்கத்தில் நின்று பேசுவதுபோல வந்தது.

"டேய், இருக்கியா செத்தியா? காத்தாலேந்து கத்திகினு இருக்கேன்! காத்து மாறுது, திரும்புடா!"

மாமாவின் ஒரு கை எரிந்துகொண்டிருந்தது, மறு கை அதற்குக் காற்று மறைப்பு. "நீயே சொல்லுடா, வர்றோம்னு" என்றார்.

சொன்னேன். கழற்றிப் போட்ட குண்டு பல்பு ஒன்று என் சாமான் பெட்டிக்குள் கிடந்தது. சூடம் தீர்வதற்குள் அதை அம்மன் ஒயரில் சேர்த்தேன். மங்கலாக எரிந்தது. வயர்லெஸ் இரையவில்லை. மாமா கையைக் கடலில் நனைத்துக்கொண்டே எஞ்சினைப் போடச் சொன்னார்.

விளக்குக்குள் இருக்கும் சின்ன சர்க்யூட்தான் காரணம் என்று சிதம்பரத்து முதலாளி பிற்பாடு விளக்கினார். தலையாட்டினேன். என் விளக்குகள் சும்மா இருந்தபோது அத்தனை சின்ன விளக்கு மட்டும் ஏன் கத்தியது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அடுத்த முறை புறப்படும்போது, சூடம் காட்டி பல்பை ஏற்றியபின் மாமா வயர்லெஸை என்னிடம் நீட்டினார்.

"கேளு."

கேட்டேன். இரைச்சல் இல்லை. பிறகு ஏறிக்கொண்டேன்.