சுகுணா வரலாறு தேடிய வாரம்

சுகுணாவுக்கு ஒன்று பிடித்துப்போனால் அப்புறம் அவளை யாராலும் பிடிக்க முடியாது. மலைமேல் இருக்கிற வளப்பூர் நாட்டில் இது ஊரறிந்த சங்கதி. போன வருஷம் காளான் வளர்க்கிறேன் என்று ஆரம்பித்தாள். வீட்டில் படுக்கிற கட்டிலைத் தவிர எல்லா இடத்திலும் காளான் பை தொங்கியது. அதற்கு முன்னால் தையல். "டீச்சரக்காவுக்கு இந்த மாசம் என்னங்க?" என்று பஸ்ஸில் ஏறினாலே கேட்பார்கள். அவளும் கோபப்படாமல் பதில் சொல்லுவாள், இறங்குகிற இடம் தாண்டிப்போகிற வரைக்கும் சொல்லுவாள்.

பிள்ளைகளின் படிப்பு மட்டும் அப்படி வந்து போகிற ஆசை இல்லை. மகள் சுமித்ராவுக்கு எட்டு வயது, மகன் யுவராஜுக்கு ஆறு. ரெண்டு பேரையும் வீட்டிலேயே வைத்து அவளே சொல்லிக்கொடுக்கிறாள். ஆசிரியர் பயிற்சி முடித்தவள், அந்தத் தைரியம். காலையில் கஞ்சி குடித்ததும் தமிழ். மிளகு காயப்போட்டுக்கொண்டே கணக்கு. அவள் புருஷன் பூபதி மலையில் விளைகிற மிளகையும் மரவள்ளியையும் பிக்கப் வண்டியில் ஏற்றிக் கீழே கொண்டுபோகிறவன். அவனும் இதுநாள் வரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரு கல்யாணப் பந்தலில்தான் எல்லாம் கெட்டது.

கீழேயிருந்து வந்திருந்த ஒரு வியாபாரி யுவராஜைப் பக்கத்தில் உட்காரவைத்து, "முன்னாடி நம்மளையெல்லாம் ஆண்டது யாரு சாமி?" என்று கேட்டார். பையன் யோசிக்கவே இல்லை. "பஸ் கண்டக்டருங்க" என்றான். பந்தி முழுக்கச் சிரித்தது. பையன்மேல் என்ன தப்பு? மலை பஸ்ஸில் கண்டக்டர் ஒரு சத்தம் போட்டால் ஊர்ப் பெரியவரே நகர்ந்து நிற்கிறார், அடுத்தவர் பலாப்பழத்தை மறுபேச்சில்லாமல் மடியில் வாங்கிக்கொள்கிறார். அவன் கண்ட ஆட்சி அதுதான். ஆனால் பூபதி சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதே சொன்னான். "கணக்கு வருது, தமிழ் வருது, எல்லாம் சரி. ஊரு ஒலகம் ஒண்ணும் தெரியலியே. கீழ ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துல ரெண்டு பேருக்கும் எடம் இருக்குதாம். திங்கக்கெழம சேத்துடறேன்னு சொல்லிரப்போறேன்."

"ஹாஸ்டலுங்களா?"

"ஏன், நீ ஹாஸ்டல்ல படிச்சவதான? அதனாலதான நாலு பேரு மெச்சற மாதிரி இருக்கற. உனக்கு நல்லாருந்தது புள்ளைங்களுக்கு மட்டும் ஆகாதா?"

சுகுணாவுக்கும் ஆறு வயதுதான், அவளுடைய அப்பா செங்கோடன் அவளைக் கீழே கொண்டுபோய் ஹாஸ்டலில் விட்டபோது. அந்த நாளைப் பற்றி அவள் வாயைத் திறந்ததே இல்லை. திறந்தால் பெத்த அப்பனைக் குறை சொன்னது போலாகிவிடும் என்று பயம். பிள்ளைகள் இல்லாத வீட்டை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறுங்க. வரலாறையும் நானே சொல்லித்தர்றேன். நல்ல பாடமாப் பாத்து எடுக்கறேன். ஞாயித்துக்கெழம நீங்களே உக்காந்து பாருங்க. சரிப்படலைன்னா அப்புறம் உங்க இஷ்டம்" என்றாள்.

பூபதி ஒத்துக்கொண்டான். கெட்டவன் இல்லை அவன். பந்தலில் பட்ட வெட்கம் ஆறவில்லை, அவ்வளவுதான்.

சுகுணா அந்த நிமிஷமே போனை எடுத்துக்கொண்டு டவர் கிடைக்கிற மேட்டுக்கு ஓடினாள். காளப்பநாயக்கன்பட்டியில் நாகலட்சுமி என்று ஒரு சிநேகிதி, பயிற்சியில் கூடப் படித்தவள். அவளும் தன் பிள்ளைகளை வீட்டில் வைத்துத்தான் படிப்பிக்கிறாள். ஊரில் விற்கிற பாடத்திட்டம் அத்தனையும் வாங்கி அடுக்கியிருப்பாள். "வரலாறுன்னு இருக்கறது பூராத்தையும் போட்டு அனுப்பு" என்றாள் சுகுணா. மறுநாள் காலை பஸ்ஸில் பெட்டி மலையேறி வந்தது. மலையில் எந்தப் பார்சலும் அப்படித்தான் வரும். கண்டக்டர் பேரைச் சொல்லி இறக்கிவிடுவார்.

"என்னங்கக்கா இது, கல்லா?"

"வரலாறுங்க தம்பி."

"அதான் இந்தக் கனம்" என்று அவர் விசில் ஊதிவிட்டுப் போனார்.

வீடு போய்ச் சேரப் பொறுமை ஏது? ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து பெட்டியைப் பிரித்தாள். மேலேயே இருந்தது பெரிய வண்ணப் புத்தகம். உலகம் தோன்றியதில் தொடங்கி வரிசையாகப் போகிறது. படம், ஒட்டி விளையாடும் அட்டை, சுவரில் மாட்டும் காலக்கோடு என்று என்னென்னவோ. சுகுணாவுக்குத் தலைகால் புரியவில்லை. "இதுதான், இதேதான்" என்று முடிவே கட்டிவிட்டாள்.

முதல் பாடம் கற்காலம். இலையைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் பாறைக் குழியில் தானியம் இடிக்கிற படம். யுவராஜ் அதைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான். "அம்மா, இது பாப்பாயி அத்த ஊட்டுப் பாறை."

பக்கத்து வீட்டுப் பாப்பாயி சாமையை மில்லில் கொடுக்கமாட்டாள், ருசி போய்விடுமாம். வீட்டுக்குப் பின்னால் பாறையில் ஒரு உரல்குழி இருக்கிறது. இன்றைக்கும் அதில்தான் குத்துகிறாள். சுகுணா அடுத்த பக்கம் திருப்புவதற்குள் ரெண்டு பிள்ளைகளும் வேலியைத் தாண்டிவிட்டார்கள்.

"அத்த, நீங்க கற்காலமுங்களா?" என்று யுவராஜ் மரியாதையாகத்தான் கேட்டான்.

"அப்படின்னா என்ன சாமி?"

சுமித்ரா படித்த பிள்ளை, விளக்கினாள். "துணி கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி இருந்தவங்க அத்த."

உலக்கையைச் சாத்திவைத்துவிட்டுப் பாப்பாயி நேரே சுகுணா வீட்டு வாசலுக்கு வந்தாள். "ஏங் கண்ணு, நான் துணியில்லாமயா திரியறேன்?" சுகுணா பதறிப்போய்ப் புத்தகத்தைக் காட்டினாள். காட்டியிருக்கக் கூடாது. இலை கட்டிய பெண்ணைப் பாப்பாயி ரொம்ப நேரம் பார்த்தாள். பார்க்கப் பார்க்கக் கோபம் போய் ஆவல் வந்துவிட்டது. "நம்ம வேலையைத்தான் செய்யறா பாவம். அப்பறம் இவளுக்கு என்னாச்சு?" என்றாள். சுகுணா பக்கத்தைத் திருப்பினாள். நைல் நதி. இன்னும் திருப்பினாள். பிரமிடு. இடித்துக்கொண்டிருந்த பெண் எங்கே போனாள் என்று புத்தகத்தில் எங்கேயும் இல்லை. "கதைய நடுவுல வுட்டுட்டு ஊரு சுத்தப் போயிட்டாங்களே" என்று சொல்லிவிட்டுப் பாப்பாயி சாமை குத்தப் போனாள்.

அன்று மாலை வண்டியை நிறுத்தும்போதே பூபதிக்குச் செய்தி போய்விட்டது. "நாமெல்லாம் கற்காலமாம்ல?" என்று மட்டும் கேட்டான்.

சுகுணா சளைக்கவில்லை. அடுத்த கட்டு ராஜாக்கள் கதை. ஒரு பாடத்துக்கு ஒரு ராஜா, ஒரு போர். அதைப் படித்ததும் இதுதான் என்று மறுபடி துள்ளினாள். அவளைவிட யுவராஜ் துள்ளினான். மத்தியானத்துக்குள் மரவள்ளிக் குச்சியை வாளாக ஏந்தி, பூபதி புதுசாக நட்டிருந்த மிளகுக் கொடிகளைப் பிடுங்கி, சிறைபிடித்த அக்காவை அந்தக் கொடிகளாலேயே கட்டிவைத்துவிட்டான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். பூபதி கொடிகளைத் திரும்ப நட்டான். அவன் திட்டியிருந்தால்கூட சுகுணாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை காலையில் அவளுக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினாள். அடியில் கிடந்தது நாலைந்து ஜெராக்ஸ் தாள், பின் அடித்தது, படம்கூடக் கிடையாது. ஏதோ பொட்டலம் சுற்ற வைத்த காகிதம் என்று தூக்கிப் போடப்போனவள், முதல் வரியைப் படித்துவிட்டு அப்படியே நின்றாள். பிள்ளையே ஒரு நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுக்கட்டும் என்றிருந்தது. அதை நேரில் கண்ட ரெண்டு பேரைத் தனித்தனியாகக் கேட்கவேண்டும். ரெண்டு பேரும் வேறு வேறாகச் சொன்னால் யாரையும் திருத்தக்கூடாது. ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஏன் அப்படி என்று யோசிக்கவேண்டும்.

சுகுணாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ராஜாவும் வேண்டாம், நைலும் வேண்டாம். சின்னப் பிள்ளைக்கு முதல் வரலாறு கேள்வி கேட்கிறதுதான். மேட்டுக்கு ஓடி நாகலட்சுமியைக் கூப்பிட்டு, "அடியே, அடியில கெடந்ததுதான்டி தங்கம்" என்று கத்தினாள். பிள்ளைகளிடம் வந்து விளக்கினாள். ரோடு போட்ட கதையையோ கரண்ட் வந்த கதையையோ எடுப்பார்கள் என்று நினைத்தாள். சுமித்ரா சொன்னது வேறு.

"அம்மா ஹாஸ்டலுக்குப் போன நாளு."

அந்த வாரம் முழுக்க வீட்டில் அடிபட்ட வார்த்தை அது. பிள்ளைகளுக்குக் காது இல்லையா என்ன? சுகுணா திகைத்துப்போனாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் பிள்ளைதான் தேர்ந்தெடுக்கவேண்டும் என்று இப்போதுதானே அவளே படித்துக் காட்டினாள்? தன் வலையில் தானே விழுந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கே செங்கோடன் வந்து இறங்கினார். பேத்தி போன் போட்டு வரச்சொல்லியிருந்தாள். அவர் வாசலில் மருமகன் பக்கத்தில் உட்கார்ந்தார். சுமித்ரா முதலில் அம்மாவை அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டுபோய்ப் போனில் பதிவு செய்தாள்; வெளியே இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. பிறகு வந்து வாசலில் அப்புச்சி செங்கோடன் முன்னால் போனை நீட்டினாள்.

"அம்மாவ வுட்டப்ப என்ன நடந்துச்சு அப்புச்சி?"

செங்கோடன் தொண்டையைச் செருமினார். "ஒண்ணும் நடக்கல சாமி. உங்கம்மா அழுவவே இல்ல. கைய உட்டுட்டு நேரா உள்ள போனா. ஒருக்காக்கூடத் திரும்பிப் பாக்கல. புடிச்சுப்போச்சுன்னு நெனச்சுக்கிட்டேன். அதனாலதான் வுட்டுட்டு வர மனசு வந்துச்சு. ஒருக்காத் திரும்பியிருந்தான்னா தூக்கிக்கிட்டு வந்திருப்பேன்."

பூபதி தலையாட்டினான். நான் சொன்னேன் இல்லையா என்கிற மாதிரி.

"இப்ப ரெண்டாவது ஆளு" என்று சுமித்ரா போனை நடுவில் வைத்தாள். சுகுணாவின் குரல் கேட்டது.

"அப்பா அழுதுக்கிட்டு நின்னாரு கண்ணு. திரும்பிப் பாத்தா என்னத் தூக்கிட்டுப் போயிருவாருன்னு தெரியும். புள்ள படிக்கோணும் படிக்கோணும்னு அவரு எத்தன நாளு சொல்லியிருக்காரு. அவரு ஆசை கெட்டுப்போயிருமேன்னு திரும்பல. உள்ள போயி, பாவாடையக் கடிச்சுக்கிட்டு, சத்தம் வராம அழுதேன். ரொம்ப நாளு அழுதேன்."

செங்கோடன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற மகளிடம் போய், "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே தாயி" என்றார். சுகுணாவுக்குக் கண்ணீர் நிற்கவில்லை. அந்த அழுகைக்கு நடுவிலும் அவள் மனசு ஒரு பக்கம் துள்ளியது, பாடம் வேலை செய்கிறதே, நான் எடுத்த பாடம் வேலை செய்கிறதே என்று. அப்படிப்பட்ட பிறவி அவள்.

சுமித்ரா போனை அப்பாவிடம் கொண்டுபோனாள். பூபதி நிமிரவில்லை.

"அப்பா, இப்ப நீங்க. எங்களக் கொண்டுபோய் வுட்டுட்டு வாரப்ப, நாங்க திரும்பிப் பாக்காம போனா நீங்க என்ன நெனைப்பீங்க?"

"அக்கா, அது இன்னும் நடக்கவே இல்லியே" என்றான் யுவராஜ். "நடக்காததப் போயி எதுக்குக் கேக்கற?"

பூபதி மகனை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டான்.

"தம்பி சொல்றதுதான் சரி கண்ணு. அது நடக்காது. நீ வேற கேள்வி கேளு."