சோலையப்பண்ணன் தோண்டிய தீவு

போன வாரம் விருதுநகரில் ஒரு பழைய பேப்பர் கடையில், பள்ளிக்கூடச் சுவரில் மாட்டுகிற மேப் ஒன்று சுருட்டிக் கிடந்தது. விரித்தேன். பண்டைய கிரேக்கம். மோந்து பார்த்தேன், கடைக்காரப் பையன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். மை வாசம் எப்போதோ போயிருக்கும். எனக்கு மட்டும் மண்ணெண்ணெய் கலந்து குப்பென்று அடித்தது.

அறுபதுகளின் தொடக்கம். ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் உடைத்தேன். எம். புதுப்பட்டியில் வெடி வேலைக்குப் போய், ஒரு சுண்டுவிரல் நுனியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். பிறகுதான் சிவகாசியில் அச்சாபீஸ். அங்கே ஒரு வருஷம் தாக்குப்பிடித்தேன். என் வரையில் அது பெரிய விஷயம்.

அதுவரை பட்டாசு லேபிள் மட்டும் அடித்துவந்த முதலாளி, சென்னைக் கம்பெனி ஒன்றிடம் பள்ளிக்கூட மேப் ஆர்டர் கேட்டிருந்தார். மாதிரிக்கு அவர்கள் கொடுத்தது கிரேக்கம். தேறினால் எல்லா மேப்பும் எங்களுக்கு. இல்லாவிட்டால் மறுபடி லேபிள்தான். பக்கத்து அச்சாபீஸ்காரர்கள், "குருவி வெடிக்காரனுக்குக் கிரேக்கம் கேக்குதாக்கும்" என்று டீக்கடையில் எங்கள் காதுபடவே பேசினார்கள்.

கூட வந்த பாடக்குறிப்பை நான்தான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். மலைகள் குறுக்கே விழுந்து நாட்டைத் துண்டு போட்டிருந்தன. ஒவ்வொரு பள்ளத்தாக்கும் ஓர் ஊர், ஊருக்கு ஓர் ஆட்சி. ஆலிவும் திராட்சையும் வரும், தானியம் போதாது. அதனால் கப்பலில் எண்ணெயை ஏற்றிக்கொண்டு தீவு தீவாகத் தாவிப்போய்த் தானியம் வாங்கினார்கள். கடல் தாண்டி வந்த வியாபாரிகளிடம் எழுத்தையும் வாங்கிக்கொண்டார்கள். தங்களுக்குள் அடித்துக்கொண்ட ஊர்க்காரர்கள்கூட, நான்கு வருஷத்துக்கு ஒருமுறை ஒலிம்பியாவில் கூடி ஓடினார்கள், மல்லுக்கட்டினார்கள்.

"நம்மளப் போலத்தாம்லே," என்றார் சோலையப்பண்ணன். "வெள்ளாமை இல்லேன்னு அவுக கடல்ல எறங்கிட்டாக. நம்மாளுக தீப்பெட்டியில எறங்குனாக."

அச்சுத் தகட்டைச் சரிபார்ப்பது அவர் வேலை. லேபிளில் ஊசிமுனை அளவு வெள்ளை தெரிந்தாலும் சரக்கு திரும்பிவிடும். அதனால் தகட்டில் எங்கே ஓட்டை கண்டாலும் மையால் அடைத்துவிடுவார். கடலுக்கான நீலத் தகட்டிலும் அதையே செய்தார்; அதில் ஓட்டைகள்தான் தீவுகள். மறுநாள் மத்தியானம் நீலத்தின் மேல் பெயர்களுக்கான கறுப்பு ஏறியபோதுதான் தெரிந்தது: கிரீட் மாதிரிப் பெரிய தீவுகள் தப்பின, பொடித் தீவுகள் அத்தனையும் மூழ்கி, பெயர்கள் மட்டும் கடலில் மிதந்தன.

கம்பெனி ஆள் விருதுநகரில் காத்திருந்தார். சாயங்கால ரயிலில் அவர் கிளம்பிவிடுவார்.

அண்ணன் ஊசியை எடுத்துக்கொண்டு தகட்டின் மேல் கவிழ்ந்தார். நான் மூலப்படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லச் சொல்ல, நாக்சோஸ், பாரோஸ், டீலோஸ் என்று ஒவ்வொன்றாகச் சுரண்டிக் கரையேற்றினார். கடைசியில் நான் சொல்லாத ஓர் இடத்திலும் ஒரு புள்ளி தோண்டினார்.

"அது என்னண்ணே?"

"கெடக்கட்டும்லே. இம்புட்டுப் பேருக்கு எடம் குடுத்திருக்கோம், நமக்கு அங்கன ஒரு குடிசை வேண்டாமா?"

மறு அச்சில் மை காயவில்லை, சுருட்ட முடியாது. தீப்பெட்டி லோடு ஏற்றிய லாரியின் மேல் உட்கார்ந்து, கிரேக்கத்தை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன். காற்றில் அது கப்பல்பாய் போல் புடைத்தது. இருபுறமும் வறண்ட கரிசல். அன்றைக்கு என்னைவிடப் பெரிய மாலுமி யாருமில்லை.

ரயிலடியில் கம்பெனி ஆள் பூதக்கண்ணாடி வைத்துத் தீவு தீவாகப் போனார். குடிசையில் வந்து நின்றார்.

"இதுக்குப் பேரு போடலையே?"

"ரொம்பச் சின்னது சார். எழுத எடம் பத்தல."

தலையாட்டினார். ஆர்டர் எங்களுக்கு. சிவகாசியில் பட்டாசை விற்பார்களே தவிர, சும்மா வெடிக்க மாட்டார்கள். சேதியோடு நான் திரும்பியதும் முதலாளி ஒரு முழுச் சரத்தை வாசலில் கொளுத்தினார். அந்த டீக்கடையைப் பார்த்துத்தான் கொளுத்தினார்.

மறு வருஷம் நான் வேறெங்கோ போய்விட்டேன். இப்போது அச்சாபீஸும் இல்லை, அண்ணனும் இல்லை. மேப் மாட்டுகிற ஆணிகூட வகுப்புகளில் இல்லையாம். பழைய பேப்பர் கடையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தேடினேன். நாக்சோஸுக்குக் கிழக்கே, கடுகளவு, எங்கள் ஊர் இருந்தது.