அணைக்க வழியில்லாத விமானம்

எங்கள் தெருவில் தறியை நிறுத்திவிட்டு நீராவியில் பொம்மை விமானம் விடக் கிளம்பிய ஒரே ஆள் நான்தான். சிரிக்க வேண்டியவர்கள் எல்லாரும் முன்பே சிரித்து முடித்துவிட்டார்கள்.

அதற்கு இன்ஜின் செய்வதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. கையடக்கமான செம்புக் கொதிகலன், அதன் அடியில் ஒரு ஸ்பிரிட் விளக்கு, நீராவியின் வேகத்தில் சுற்றும் விசிறி. ரிமோட்டில் ஏற்றலாம், இறக்கலாம், இடம் வலம் திருப்பலாம். விளக்கை மட்டும் அணைக்க முடியாது. தண்ணீர் தீர்ந்தால் தானாக இறங்கிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பட்டு நெய்யும் ஆரணியில் இருந்துகொண்டு இறக்கைக்கு பிளாஸ்டிக் தாள் ஒட்டுவதா என்று ஒரு ரோஷம் வேறு. பசை எடுக்காத பட்டு நூலில் என் மனைவி மெல்லிசாகத் துணி நெய்து கொடுத்தாள். பட்டு இழையில் இயற்கையாகவே இருக்கும் அந்தப் பசைதான் துணியை விறைப்பாக வைத்திருக்கும். சட்டத்தில் இழுத்து ஒட்டித் தட்டிப் பார்த்தால் மேளம் மாதிரி சத்தம் வந்தது. இரண்டு பேருக்கும் தலைகால் புரியவில்லை.

கோடையில் கமண்டல நாகநதி வெறும் மணல். தீப்பிடிக்க அங்கே ஒன்றுமில்லை என்றுதான் போனோம். கரையில், வெகு தள்ளி ஒரு வைக்கோல் போர். ஓர் அம்மா தன் மாடுகளுக்கு அதிலிருந்து வைக்கோல் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

விளக்கை ஏற்றி, நீராவி ஏறியதும் கையிலிருந்து விட்டேன். புஸ் புஸ் என்று மூச்சு விட்டபடி தென்னைக்கு மேலே போய்விட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

"என்னாங்க, இடது பக்கம் துணி தொய்ஞ்சிகினே வருது!" என்றாள் மனைவி.

புரிந்துவிட்டது. இன்ஜின் கக்கிய நீராவி நேராக இடது இறக்கையில்தான் அடித்தது. பட்டைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுப் பசை எடுப்பது எங்களுக்குப் பரம்பரைத் தொழில். அதே வேலை வானத்திலும் நடக்கும் என்று எங்கள் மரமண்டைகளுக்கு உறைக்கவில்லை.

வலது பக்கம் அழுத்தினேன். அது இடது பக்கமே சாய்ந்தது. எவ்வளவு அழுத்தியும் கேட்கவில்லை. விளக்கு எரிய எரிய, கரையைப் பார்த்துப் போனது. "ஓடும்மா, ஓடு!" என்று கத்தினேன். அந்த அம்மா மாடுகளை அவிழ்த்து ஓட்டிய அதே நேரம், போரின் உச்சியில் போய் விழுந்தது. ஸ்பிரிட் சிந்தியது. குப்பென்று பற்றிக்கொண்டது.

ஓடினோம். மனைவி முந்தானையில் மணலை அள்ளி அள்ளி வீசினாள். பாதி உயரத்துக்குக்கூட எட்டவில்லை. பக்கத்தில் தண்ணீருக்கு வழியே இல்லை. அந்த அம்மா என்னிடம் ஓடிவந்து, நான் இன்னும் பிடித்திருந்த ரிமோட்டைத் தொட்டார்.

"சார், அத்த நிறுத்துங்க சார்! இதுல பட்டன் கீதே, ஜல்தியா அழுத்துங்க! மாட்டுக்கு வேற தீனி இல்ல சார்!"

இதற்கும் நெருப்புக்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. சுவிட்சை அழுத்தினேன். ரிமோட்டில் எரிந்த சிவப்பு விளக்கு அணைந்தது.

"நிறுத்திட்டீங்களா?"

"நிறுத்திட்டேம்மா."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தீ அணைவதைப் பார்ப்பதற்காகப் போரின் பக்கம் திரும்பி நின்றார்.