நாற்பத்து நாலு அங்குலப் பேத்தி

கடையில் அவருக்குப் பெயர் பிளேடு அண்ணன். பேசிப் பேசி ஆளை அறுப்பதால் வந்த பெயர் இல்லை. அந்தத் திறமையும் அவரிடம் இல்லாமல் இல்லை என்பது வேறு விஷயம். ஆளுயரப் படங்கள் அச்சிடும் பெரிய பிரிண்டரைப் பத்தொன்பது வருடமாக அவர்தான் கட்டி மேய்க்கிறார். அச்சாகி வந்த படத்தின் மேல் இரும்பு ஸ்கேலை அழுத்தி, ஓரத்தைப் பிளேடால் ஒரே இழுப்பில் வெட்டுவார். இரண்டாவது இழுப்பு தேவைப்பட்டால் அன்று முழுக்க முகம் தொங்கிப்போயிருக்கும். பிரிண்டருக்கே சொந்தமாக ஒரு கட்டர் உண்டு. அதை அவர் நம்புவதில்லை. “அது எங்க வெட்டுது? கடிக்குது” என்பார்.

அவர் புது ரோல் போடுவதைப் பார்க்க வேண்டும். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, ரோலைத் தண்டில் கோர்த்து, தாளின் முனையை நேராகச் சீவிவிட்டு, மூலையில் உதட்டை ஒற்றி எடுப்பார். மை பிடிக்கிற பக்கம் உதட்டில் லேசாக ஒட்டும். ஒட்டாவிட்டால் அது முதுகுப்பக்கம். எது எந்தப் பக்கம் என்று பெட்டியிலேயே படம் போட்டிருக்கும். போட்டிருந்தால் என்ன, முத்தம் கொடுக்காமல் எந்தத் தாளையும் அவர் உள்ளே அனுப்பியதில்லை. இது அவர் மனைவி காதுக்கும் எட்டியது. “பேப்பருக்குத் தினமும் கிடைக்குது, கொடுத்து வச்ச பேப்பர்!” என்று அவர் சாப்பிடும்போதெல்லாம் ஒரு போடு போடுவாள்.

வீட்டிலும் அந்தக் கை சும்மா இருக்காது. எதில் எது அதிகப்படியாகத் தெரிந்தாலும் நறுக்கிவிடும். மகள் பள்ளியில் படித்தபோது அவளுடைய சான்றிதழை அழகாக்குகிறேன் பேர்வழி என்று ஓரத்தைச் சீவி, முத்திரையில் பாதியைக் காலி செய்தார். மூன்று நாள் அவள் அப்பாவோடு பேசவில்லை.

அந்த மகள்தான் இப்போது கடல் தாண்டி இருக்கிறாள். போய் நாலு வருடம் ஆகிறது. போன வாரம் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மார்பில் குழந்தையைச் சாய்த்துக்கொண்டு, கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து எடுத்த படம் ஒன்று போனில் வந்தது.

மனைவி தையல்காரி. கண் கெட்டதால் இரண்டு வருடமாகத் தைப்பதில்லை. எதைப் பார்த்தாலும் ஓரங்கள் தெரியும். நேர் நடுவில் மட்டும் புகை படிந்த மாதிரி இருக்கும். பெரிதாக, நல்ல வெளிச்சத்தில் இருந்தால் கொஞ்சம் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போன் படத்தை விரலால் விரித்துப் பார்த்தாள். ஒரு கன்னம் வந்தது. தள்ளினால் போர்வை வந்தது.

“குழந்தை யாரு மாதிரிங்க இருக்கு?”

“குழந்தை மாதிரி இருக்கு.”

சிரித்தாள். போனைக் கீழே வைத்துவிட்டு, “நீங்க பாத்துச் சொல்றீங்கல்ல, அது போதும்” என்றாள். அந்தப் ‘போதும்’ அவரைப் போட்டு அரித்துவிட்டது.

மறுநாள் கடையில் முதலாளியம்மாவிடம் விஷயத்தைச் சொன்னார். “கேக்கணுமாண்ணே? இருக்கறதுலயே நல்ல ரோலா எடுத்துப் போடுங்க” என்றார் அவர். தாளின் முழு அகலம் நாற்பத்து நாலு அங்குலம். அந்த அகலம் முழுக்கக் குழந்தையின் முகம் மட்டும் வருகிற மாதிரி, சுற்றியிருந்ததையெல்லாம் அண்ணன் திரையிலேயே ஒதுக்கினார். கட்டில், தலையணை, போர்வை எல்லாம் போயின. முகம் வரி வரியாக வெளியே இறங்கி வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். காயவைத்து, நாலு ஓரமும் நாலே இழுப்பில் வெட்டினார்.

ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் படத்தை ஒட்டி, மனைவியைக் கைபிடித்து அழைத்து வந்து நிறுத்தினார். அவள் கழுத்தை இப்படியும் அப்படியும் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

“ஐயோ, தெரியுதுங்க! கண்ணு மூடித் தூங்குறா. மூக்கு அப்படியே உங்க மூக்கு. பாவம்.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவளோ படத்தின் வலது ஓரத்தைத் தடவிக்கொண்டே போனாள். தாள் முடிந்து சுவர் வந்துவிட்டது. திரும்பி இடது ஓரத்தைத் தடவினாள்.

“இவ எங்கங்க?”

“யாரு?”

“நம்ம பொண்ணு. குழந்தைய வச்சுக்கிட்டிருந்தாள்ல?”

அவருக்குச் சுருக்கென்றது. “குழந்தை பெருசாத் தெரியணும்னு... அவள எடுத்துட்டேன்மா” என்றார்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருக்கலாம். “பரவால்லங்க. அவ முகத்த நேர்ல கடைசியாப் பாத்து நாலு வருஷம் ஆச்சு. அப்ப எனக்குக் கண்ணு நல்லா இருந்துச்சா, அதான் கேட்டேன்” என்றாள்.

பெற்ற மகளை வேண்டாத ஓரம் என்று கழித்த மனிதன் எந்த முகத்தோடு சாப்பிடுவான்? அன்று தட்டில் போட்டது அப்படியே இருந்தது.

காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாக முழுப் படத்தையும் அச்சுக்குக் கொடுத்தார். கட்டில், தலையணை, போர்வை, மகள், குழந்தை, எதையும் விடவில்லை. தாள் பாட்டுக்கு இரண்டு மீட்டருக்கு மேல் வந்து விழுந்தது. மை காயும்வரை பக்கத்திலேயே காவல் நின்றார். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். சுவர் போதாமல் அலமாரியை நகர்த்த வேண்டியிருந்தது.

மனைவி மகள் முகத்துக்கு முன்னால் போய் நின்றாள். கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். தெரியவில்லையோ என்று அவர் ஜன்னல் கதவை இன்னும் அகலத் திறந்துவிட்டார்.

“இளைச்சுட்டா” என்றாள்.

“என்னது?”

“கழுத்தெலும்பு எப்படித் துருத்திக்கிட்டு நிக்குது பாருங்க. கண்ணுக்குக் கீழ எவ்வளவு கறுப்பு! ஒரு பொட்டுத் தூக்கம் இருக்காது போல. ஏங்க, நீங்க பாக்கவே இல்லையா?”

ஒரு வாரமாகப் போனில் வைத்துக்கொண்டு பார்க்கிறார். அவர் கண்ணுக்கு இது எதுவும் படவில்லை. மகளுக்கு போன் போட்டு மனைவி கையில் கொடுத்தார்.

“ஏண்டி, ஒழுங்காச் சாப்பிடறியா இல்லையா?” மகள் ஏதோ சமாதானம் சொல்வது கேட்டது. மனைவி படத்தை விட்டு முகத்தைத் திருப்பாமல் அதட்டினாள்:

“பொய் சொல்லாத. உன்னப் பாத்துக்கிட்டுதான் நிக்கிறேன்.”