ஓடக் கூடாத பூங்கா

என் தம்பி ஏசி மெக்கானிக். ஊரில் உள்ள படுக்கையறைகளை எல்லாம் குளிர வைத்துவிட்டு, தான் மட்டும் மொட்டைமாடி அறையில் வந்து வேகிறவன். "உன் வீட்டுக்கு ஒண்ணு மாட்டினா என்னடா?" என்று கேட்டால், "வயரிங் தாங்காதுக்கா" என்பான். வயரிங் தாங்காதாம். இவன் மட்டும் தாங்குவானாம்!

சரியான வாயில்லாப் பூச்சி. மூன்றாம் மாடி சன்னலுக்கு வெளியே தொங்கிக்கொண்டு வேலை பார்ப்பான், பயமே கிடையாது. ஆனால் வீட்டுக்காரர் யாராவது "ஏம்ப்பா லேட்டு?" என்று முறைத்தால் போதும், தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். வீட்டுக்கு வர வேண்டிய பேச்சு மொத்தத்தையும் நானே வாங்கிக்கொண்டு பிறந்துவிட்டேன் என்று அம்மா சொல்வாள். இருக்கட்டுமே, யாராவது பேசத்தானே வேண்டும்.

அவன் மகளுக்கு நாங்கள் வைத்த பேர் பட்டாணி. நாலு வயது. மாடிப்படியில் உருண்டு விழுந்து காலை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டைப் பிரித்த அன்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: "தினமும் சமதரையில நடக்க விடுங்க. கொஞ்சம் பழகினதும் ஓடணும். இப்ப அலட்சியமா விட்டீங்கன்னா, இந்தத் தாங்கித் தாங்கி நடக்கிறது அப்படியே நிலைச்சுடும்." அதைக் கேட்டதிலிருந்து என் தம்பிக்குச் சோறு இறங்கவில்லை.

நடக்க இடம் எங்கே? அறையில் கட்டில் போக மிச்சம் இருப்பது பாய் விரிக்கிற அளவுதான். தெருவிலோ நடைபாதை முழுக்க வண்டிகள். அதனால்தான் என் இஸ்திரிக் கடைக்கு எதிரே இருக்கிற பூங்காவை நினைத்தோம்.

பூங்கா என்று பேர். முன்பு உள்ளே நாலு பெரிய மரங்கள் நின்றன. நடக்கிற பாதையில் இலை கொட்டுகிறது என்று பூங்கா கமிட்டி அவற்றை வெட்டிப் போட்டது. இலை கொட்டாமல் மரத்திலிருந்து வேறென்ன கொட்டுமாம்? நிழலை ஒழித்த இடத்தில் கறுப்பு ரப்பர் தரை போட்டு, இரும்புச் சறுக்குமரம் வைத்தார்கள். ஒருநாள் எவனோ ஒரு பொடியன் குறுக்கே ஓடியதில் கமிட்டித் தலைவர் தடுமாறிவிட்டாராம். உடனே வாசலில் பலகை ஏறியது: காலையும் மாலையும் நடைப்பயிற்சிக்கு மட்டும். குழந்தைகளுக்குப் பகல் பன்னிரண்டிலிருந்து நாலு வரை.

நெருப்பாய்க் கொளுத்துகிற இந்த ஊரில், பன்னிரண்டிலிருந்து நாலு! நாய்கூட அந்த நேரத்தில் வண்டிக்கு அடியில்தான் படுத்திருக்கும்.

என் தம்பி அதற்கும் தலையாட்டினான். அரைநாள் லீவு போட்டு, பிள்ளைக்குத் தொப்பி மாட்டி, உச்சி வெயிலில் கூட்டிக்கொண்டு போனான். அவன் தண்ணீர் பாட்டிலைத் திறப்பதற்குள் அவள் ஆசையாகச் சறுக்குமரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவள் போட்ட அலறல் என் கடை வரைக்கும் கேட்டது. ஓடிப் போய்த் தூக்கினால், தொடை இரண்டும் இரும்பில் வெந்து சிவந்திருந்தன. அதற்கப்புறம் அந்த வாசலைக் கண்டாலே அழுவாள், காலைத் தரையில் ஊன்ற மாட்டாள். நடந்து தேற வேண்டிய பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தோம்.

தலைவரிடம் நானே போனேன். அவர் சட்டைக்கு இஸ்திரி போடுகிறவளும் நான்தான், அவர் வீட்டு ஏசிக்குக் கேஸ் நிரப்புகிறவனும் என் தம்பிதான்.

"பிள்ளைங்க வெயில்ல விளையாடணும்மா, வைட்டமின் கிடைக்கும்" என்றார், ஏசிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு.

"அப்ப நீங்க ஏன் சார் வெயில் தாழ்ந்தப்புறம் வர்றீங்க? உங்களுக்கு வைட்டமின் வேணாமா?"

"எனக்குப் பிரஷர் இருக்கும்மா. கமிட்டியில பேசிப் பார்க்கிறேன்."

பேசினார்கள். மறுவாரம் விளையாட்டு இடத்தைச் சுற்றி வேலி, வேலிக்கு ஒரு பூட்டு. குழந்தைகளின் பாதுகாப்பு கருதி மூடப்பட்டுள்ளதாம். கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பிய கதை! ஆத்திரம் தாங்காமல் தம்பியைத்தான் பிடித்துக்கொண்டேன்.

"நீ வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்? ஒரு வார்த்தை கேளேன்டா அந்த ஆளை!"

"கேட்டா மட்டும் என்னக்கா ஆகிடப் போகுது?" என்று சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் சாயங்காலம் வெயில் இறங்கியதும் பிள்ளையோடு வந்தான். வேலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு விசும்பினாள். "சறுக்குமரம் வேணாம்டா தங்கம், சும்மா நடக்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே உள்ளே கொண்டுபோனான். வாட்ச்மேன் நல்ல மனுஷன், வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். நான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பின்னாலேயே போனேன்.

பட்டாணி அப்பன் விரலைப் பிடித்துக்கொண்டு, தாங்கித் தாங்கி, பாதை நடுவே நடந்தாள். கைவீசி வந்த பெரியவர்கள் எல்லாம் பின்னால் தேங்கி நின்று எரிச்சலோடு உச்சுக் கொட்டினார்கள். தலைவர் முன்னால் வந்தார்.

"ஏம்ப்பா, உனக்கு ரூல்ஸ் தெரியாதா? இது பசங்க வர்ற நேரமா?"

"கால் சரியில்ல சார். ஒரே ஒரு சுத்து..." என்று தம்பி முனகினான்.

"ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் வருவாங்க. அப்புறம் குறுக்க மறுக்க ஓடுவாங்க. கிளம்பு, கிளம்பு."

பட்டாணி அவரை அண்ணாந்து பார்த்தாள். பாவம், தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்துவிட்டாள்.

"தாத்தா, நான் ஓட மாட்டேன். சத்தியமா ஓட மாட்டேன்" என்றாள்.

என் வாய் அடைத்துப் போனது. என் வாயே!

என் தம்பி குனிந்து, அவள் பிடியிலிருந்து தன் விரலை மெல்ல விடுவித்துக்கொண்டான். நிமிர்ந்தபோது அவன் முகம் வேறாக இருந்தது.

"ஓடுடா கண்ணு" என்றான். பூங்கா முழுக்கக் கேட்கிற சத்தம், அவனுக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே எனக்குத் தெரியாது. "நீ ஓடணும். ஓடு! எவன் தடுக்கிறான்னு நான் பார்க்கிறேன்!"

அவள் ஓடினாள். ஒரு கால் இழுக்க, ஒரு கால் எம்ப, விழப்போய், சமாளித்து, மறுபடியும் ஓடினாள். தலைவர் ஒதுங்கி வழிவிட்டார்.