மழையில்லாமல் நிறைந்த கண்மாய்

எங்கள் கண்மாய் இப்போது வருடம் முழுக்க நிறைந்து கிடக்கிறது. பக்கத்து ஊர்க்காரர்கள் பஸ்ஸில் போகும்போது எட்டிப் பார்க்கிறார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பார்க்கிறார்கள்.

நான் வாழ்க்கைப்பட்டு இந்த ஊருக்கு வந்தபோது மழைக்காலத்தில் மட்டும்தான் அதில் தண்ணீர் இருக்கும். மற்ற மாதங்களில் கண்மாய் மணலில் குழி தோண்டி, ஊறி வருவதைச் சிரட்டையால் கோரிக் குடத்தில் ஊற்றுவோம். முதுகு ஒடிந்துவிடும். கடலோரம் என்பதால் சுற்றுவட்டாரத்தில் எங்கே போர் போட்டாலும் உப்பு. இந்த ஊற்று மட்டும் இனிக்கும். மாமியார் அதைத் தன் சீர்நகை மாதிரி சொல்லிப் பெருமைப்படுவார். "பொண்ணு குடுக்கிறவக மொதல்ல தண்ணியத்தான் விசாரிப்பாக. எங்க ஊருக்கு அந்தக் கொறை இல்ல."

டவுனுக்குப் பாதாளச் சாக்கடை போட்டார்கள். அதில் வருவதெல்லாம் எங்கேயாவது போக வேண்டுமே? எங்கள் கண்மாய்க்கு மேற்கே சுத்திகரிப்பு பிளாண்ட் கட்டினார்கள். சுத்தம் செய்த தண்ணீரைக் கண்மாயில் விடுவோம், விவசாயம் செழிக்கும் என்று ஊர்க்கூட்டத்தில் பேசினார்கள். தண்ணீர் என்ற சொல்லுக்குப் பிறகு எங்களுக்கு வேறெதுவும் காதில் விழவில்லை.

ஒரு வைகாசியில், வானத்தில் மேகமே இல்லாத நாளில், வாய்க்காலில் தண்ணீர் வந்தது. கண்மாய்க்குப் புதுத் தண்ணீர் வந்தால் ஊரே போய்ப் பூத் தூவிக் கும்பிடுவது வழக்கம். அன்றும் போனோம், குலவை போட்டோம். கறுப்பாக, நுரை கட்டி வந்தது. நாறியது. "புதுத்தண்ணி அப்பிடித்தான்டி வரும், தெரு அழுக்கெல்லாம் அடிச்சிக்கிட்டு" என்று சொல்லி, மாமியார் அதைக் கை நிறைய அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். மழையே பெய்யாமல் எந்தத் தெரு அழுக்கு வரும் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அவ்வளவு காய்ந்து கிடந்தோம். சாக்கடைக்குக் குலவை போட்ட ஊர் எங்கள் ஊர் ஒன்றாகத்தான் இருக்கும்.

பிளாண்டில் காற்று ஊதுகிற மோட்டார் ரிப்பேர் என்றார்கள். சீக்கிரம் சரியாகிவிடும் என்றார்கள். மோட்டார் ஓடுகிற நாட்களில் தண்ணீர் கொஞ்சம் வெளுக்கிறது. நின்றால் மறுபடி கறுப்பு. டவுனுக்குக் குழாயில் காவிரித் தண்ணீர் போகிறது. எங்களுக்கும் காவிரி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், டவுன்காரர்களின் வயிறு வழியாக. ஊற்றிருந்த இடம் அதற்கடியில் எங்கேயோ கிடக்கிறது. கரையோரமாகத் தோண்டிப் பார்த்தோம். ஊறி வந்ததிலும் அதே நாற்றம். இப்போது லாரித் தண்ணீர்தான். லாரி வருகிற நாளில் ஒருத்தியோடு ஒருத்தி சண்டை போட்டுக் குடத்தை நிரப்புகிறோம்.

போன மாதம் நாத்தனார் வந்திருந்தாள். இந்த வீட்டில் பிறந்து தொண்டியில் வாழ்க்கைப்பட்டவள். அவள் செருப்பைக் கழற்றியதும் செம்பில் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினேன். காய்ச்சி ஆறவைத்த லாரித் தண்ணீர்தான்.

"வேணாம் மதினி, கொண்டாந்திருக்கேன்" என்று பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள்.

எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அவள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் மாமியார் அன்று முழுக்க மகளுக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. கிளம்பும்போது நாத்தனார் இன்னொரு பாட்டிலை என் கையில் திணித்தாள். "ஆத்தாவுக்குக் குடுங்க மதினி." சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

"பெத்த வீட்டுல தண்ணி குடிக்க மாட்டாளாம்! அதக் கொண்டுபோயி எருக்குழியில ஊத்துடி" என்று கத்தினார் மாமியார். எனக்கு மனசு வரவில்லை. அடுப்படியில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன். சற்று நேரம் கழித்து உள்ளே வந்தேன். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, மாமியார் அந்தப் பாட்டிலை அண்ணாந்து மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தார்.